பிறப்பா, பேணுதலா?

கொச்சி ஜூ டவுனுக்குச் செல்லும் யாத்திரிகர், 1568-இல் எழுந்த யூத ஆலயத்தையும் அதன் சீனத்து நீலத் தரையோடுகளையும் வியந்து திரும்புகின்றனர். அவ்வீதியின் பூத்தையல் கடையும் சிந்தனைக்குரியது.

சாரா கோஹன் என்னும் யூத மூதாட்டி, ஓய்வுநாள் ரொட்டியை மூடும் துணிகளையும், வழிபாட்டில் ஆடவர் அணியும் சிறு தொப்பிகளையும் தம் கையால் தைத்து விற்றார். மக்கட்பேறு இல்லாதவர், சமூகத்தாரில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். 2019-இல், 96ஆம் வயதில் அவர் மறைந்தபின் அக்கடையைக் காத்து நின்றவர் தாஹா இப்ராஹிம் என்னும் இஸ்லாமியர். இளமையில் அவ்வீதியில் அஞ்சலட்டை விற்றவர். முதுமையில் அம்மையாரை மகன்போல் பேணியவர்.

ஒரு மரபு யாருக்கு உரியது? பிறந்தவருக்கா, பேணுபவருக்கா? பிறப்புரிமை பேசுவோர் கூற்றிலும் நியாயம் உண்டு. அத்துணியை விரித்து வாழ்த்துரைக்க இல்லங்களே இல்லையெனில், தையல் வெறும் நினைவுப்பொருளாகிவிடக் கூடும். ஆயினும் வழிபாடு வேறு, அதற்குத் துணைநிற்கும் தொண்டு வேறு. பிறருடைய பிரார்த்தனையை நாம் செய்ய இயலாது. அதற்கு வேண்டிய துணியைச் சிரத்தையோடு தைத்துத் தர இயலும். அதன்பொருட்டுத் தம் சமயத்தை எவரும் துறக்க வேண்டியதில்லை.

நம் ஊர்க் கோயிலில் பூத்தொடுப்போரின் பிள்ளைகள் நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். அடுத்த தெருச் சிறுவன் ஒருவன் நாரும் பூவுமாகக் கற்க வந்து நின்றால், அவனிடம் நாம் முதலில் கேட்பது எதுவாக இருக்கும்?