காளியிடமிருந்து தொடங்குவோம்

பெங்களூரின் தொம்மலூரில் வளரும் குழந்தைக்குப் போர்க்களம் தொலைவில் இல்லை. விடுமுறை நாளில் மைசூர் போகும் குடும்பங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறங்கி, 1799 மே 4 அன்று திப்பு சுல்தான் வீழ்ந்த இடத்தைப் பார்க்கின்றன. நகரத்துக்குள்ளேயே, கிருஷ்ணராஜ மார்க்கெட்டை ஒட்டி, 1791இல் கார்ன்வாலிஸின் படை உடைத்துப் புகுந்த பெங்களூர்க் கோட்டையின் மிச்சம் நிற்கிறது. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளையை இப்படிப்பட்ட இடங்களுக்குக் கூட்டிப்போகும் பெரியவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். ‘இன்னார் ஜெயித்தார், இன்னார் தோற்றார்’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம்; இல்லையென்றால் ‘சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு’ என்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். இரண்டும் போதாது. போர்க்களத்தைக் குழந்தைக்கு அறிமுகம் செய்பவர் அங்கே இறந்தவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது என் துணிபு. இது புதிய யோசனையும் அல்ல. இந்த மண்ணின் பழைய கற்கள் அப்படித்தான் தொடங்குகின்றன.

கஸ்தூரிபா சாலை அரசு அருங்காட்சியகத்தில் உள்ள ஆதகூர்க் கல்லை எடுத்துக்கொள்வோம். மண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து வந்த பத்தாம் நூற்றாண்டுக் கல் அது. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்கும் சோழ இளவரசன் இராசாதித்தனுக்கும் தக்கோலத்தில் 949இல் நடந்த பெரும்போரைப் பழங்கன்னடத்தில் சொல்கிறது. சோழரின் வடக்கு எல்லையைப் பல ஆண்டுகளுக்குக் குலைத்துப் போட்ட போர் அது. ஆனால் கல்லில் செதுக்கியிருக்கும் உருவம் மன்னன் அல்ல. ஒரு நாயும் காட்டுப்பன்றியும். தக்கோலத்தில் வீரம் காட்டிய மணலேரனிடம், கிருஷ்ணன் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகன் ‘என்ன வேண்டும், கேள்’ என்றபோது, அவன் மன்னனுடைய வேட்டைநாய் காளியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அந்தக் காளி பின்னர் ஒரு பன்றியோடு பொருது, இரண்டும் மாண்டன. மணலேரன் அதற்குக் கல் நட்டான். அந்தக் கல்லின் வழியாகவும் தக்கோலப் போர் நமக்கு வந்து சேர்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பேரரசு புரியாது, எல்லைத் தகராறு புரியாது. வளர்த்த நாயை இழந்தவனின் துக்கம் புரியும். அதைப் பற்றிக்கொண்டு, ‘தக்கோலத்தில் யார் யார் செத்துப்போனார்கள்?’ என்ற கேள்விக்குப் பிள்ளை தானாகவே வரும். அப்போது யானைமேல் இருந்தபடியே உயிர்விட்டதால் ‘ஆனைமேற்றுஞ்சினார்’ என்று கல்வெட்டுகள் குறிக்கும் இராசாதித்தனைப் பற்றிச் சொல்லலாம். வென்றவன் பக்கத்துக் கல்லையும் தோற்றவன் பக்கத்துப் பெயரையும் ஒரே மூச்சில் கேட்ட குழந்தை, ஒரு போருக்கு இரண்டு வீடுகளில் அழுகை உண்டு என்பதை எளிதில் மறக்காது.

தமிழ்நாட்டிலும் இதற்கு இணை உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று தொறு எனும் ஆநிரையை மீட்கும் பூசலில் பட்ட வீரனோடு, அவனருகே நின்று கள்வரைக் கடித்துக் காத்த ‘கோவிவன்’ என்ற நாயின் பெயரையும் பொறித்து வைத்திருக்கிறது. கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்திருக்கிறது. பெங்களூர் என்ற பெயர் காணப்படும் மிகப் பழைய சான்றாகச் சொல்லப்படுவதும் பேகூரில் உள்ள, சுமார் 890ஆம் ஆண்டு நடுகல்தான். நாகத்தரன் என்பவனைச் சேர்ந்த புட்டண செட்டி பெங்களூர்ப் போரில் இறந்தான் என்கிறது அது. இவற்றோடு பெங்களூர்க் கோட்டைச் சுவரில் பதித்த ஆங்கிலப் பலகையை ஒப்பிட்டுப் பாருங்கள். 1791 மார்ச் 21 அன்று இந்த உடைப்பின் வழியாகத் தாக்குதல் நடந்தது என்பதோடு அது முடிந்துவிடுகிறது. கோட்டையைக் காத்து மடிந்த கில்லேதார் (கோட்டைத் தலைவர்) பகதூர் கானின் பெயர் அதில் இல்லை. சுவரேறி வந்து செத்தவர்களின் பெயரும் இல்லை. பலகை தேதியைச் சொல்கிறது, நடுகல் ஆளைச் சொல்கிறது. குழந்தைக்கு முதலில் வேண்டியது ஆள்.

சாவைப் பற்றிச் சின்னப் பிள்ளையிடம் பேசலாமா, பயந்துவிடாதா என்று கேட்பார்கள். நியாயமான கவலை. ஆனால் தாத்தாவின் படத்துக்கு மாலை போட்டிருப்பதைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகள் வளர்கின்றன; நரகாசுரன் கதையும் கம்சன் கதையும் கேட்டுத்தான் தூங்குகின்றன. சாவு என்ற சொல் அவர்களுக்குப் புதிதல்ல. ரத்தத்தையும் காயத்தையும் விவரித்தால்தான் அச்சம் வரும். ஒரு பெயரையும், அந்தப் பெயருக்கு உரியவரை யாரோ நினைத்துக் கல் நட்டார்கள் என்பதையும் சொன்னால் வருவது இரக்கம். ஐந்து வயதில் நாய் போதும்; எட்டு வயதில் மனிதரின் பெயர்; பத்து வயதுக்கு மேல் ஏன் சண்டை வந்தது என்ற கேள்வி. வரிசை மாறினால்தான் ஆபத்து. யார் எதிரி என்பதை முதலில் கற்ற பிள்ளைக்குப் பிறகு இரக்கத்தைக் கற்றுக்கொடுப்பது கடினம்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. இறந்தவர் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்தால், படையெடுத்து வந்தவனும் ஊரைக் காத்தவனும் ஒன்றாகிவிட மாட்டார்களா? நாட்டுப்பற்று நீர்த்துப்போகாதா? ஆக மாட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தது ஆதிக்கத்துக்காக என்பதை மறைக்கத் தேவையில்லை. வயது வரும்போது அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அன்று கம்பெனியின் சென்னைப் படையில் கூலிக்குப் போராடிய சிப்பாய்களில் தமிழரும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘நாம்’, ‘அவர்கள்’ என்ற கோடு 1791இல் இன்று நாம் போடுகிற இடத்தில் ஓடவில்லை. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலின் பழைய தமிழ்க் கல்வெட்டுகள், இந்த ஊரில் தமிழும் கன்னடமும் எத்தனை நூற்றாண்டாகப் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன என்பதற்குச் சாட்சி. தக்கோலத்தைச் சோழன் தோல்வி என்று ஒரு வீட்டிலும் கங்கன் வெற்றி என்று அடுத்த வீட்டிலும் சொல்லிக்கொடுத்தால், ஒரே பள்ளி வேனில் போகும் இரண்டு பிள்ளைகளுக்கிடையே ஆயிரம் ஆண்டுப் பகையை நாமே ஏற்றிவைத்தவர்களாவோம். நடுகல் வீரத்தைக் குறைப்பதும் இல்லை. என்ன செய்தான், எதைக் காத்தான், எங்கே விழுந்தான் என்று மதிப்போடு சொல்கிறது. அந்த வீரத்துக்குக் கொடுத்த விலையை மட்டும் ஒளிப்பதில்லை.

ஆகவே பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். கோட்டைக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் கூட்டிப்போகும் முன் பிள்ளைகளை ஒரு நடுகல்லின் முன் நிறுத்துங்கள். அதில் இருக்கும் பெயரை வாய்விட்டுச் சொல்லவையுங்கள். யார் ஜெயித்தது என்பதை அவர்களாகவே கேட்பார்கள். அந்தப் பெயரைச் சொன்ன பிறகு பதில் சொல்லுங்கள்.