திறமை நமக்கு, நஷ்டம் யாருக்கு?

அமெரிக்காவில் சிலர் ரைபிளை வீட்டில் வைத்துவிட்டு, ரிவால்வரை மட்டும் எடுத்துக்கொண்டு மானும் கரடியும் வேட்டையாடப் போகிறார்கள். இதற்கு வழி திறந்தது .44 மேக்னம். இடாஹோ மாநிலத்துப் பண்ணையாளரும் எழுத்தாளருமான எல்மர் கீத் பல ஆண்டுகள் வற்புறுத்தியதன் பேரில், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி 1956-ல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2003-ல் அதே கம்பெனி .500 மேக்னத்தை வெளியிட்டது. நீண்ட குழல் வைத்ததாயின் சுமார் 4½ ராத்தல் எடை, ஐந்தே தோட்டா.

ஏன் இந்தச் சிரமம்? ரைபிளால் 300 கெஜத்திலிருந்தே மானை வீழ்த்தலாம். ரிவால்வர்காரரோ பொதுவாக 100 கெஜத்துக்குள் நெருங்க வேண்டும். காற்றின் திசை பார்த்து, சருகு மிதிபடாமல் பதுங்கிப் போகவேண்டும். "எளிய வழியை விட்டுக் கடின வழியை எடுத்தோம், மிருகத்துக்கும் தப்ப வாய்ப்புக் கொடுத்தோம்" என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் கை நடுங்கிக் குறி தவறினால் வேடருக்கு என்ன நஷ்டம்? ஒரு தோட்டா. மிருகமோ வயிற்றில் குண்டோடு புதருக்குள் ஓடி, நெடுநேரம் துடித்துச் சாகும்.

என் கடைப்பையன் ஒருவன், தராசைத் தொடாமல் கைநிதானத்திலேயே மல்லி அள்ளிப் பொட்டலம் கட்டுவான். பார்த்துப் பெருமைப்பட்டேன். ஒருநாள் ஒரு கிழவி வாங்கிய பொட்டலத்தைத் திரும்ப நிறுத்துப் பார்த்தேன், குறைந்திருந்தது. பெருமை எனக்கு, குறைவு அவளுக்கு! அன்றோடு அந்த விளையாட்டை நிறுத்தினேன்.

அறுக்குமுன் கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்று மதரஸாவில் படித்தோமே! மொண்ணைக் கத்தியால் அறுத்துக் காட்டுவதைத் திறமை என்று நம்மில் யாராவது சொல்வோமா?

ஆகவே குற்றம் ரிவால்வரில் இல்லை. எட்டாத தூரத்திலிருந்து குருட்டாம்போக்கில் சுடும் ரைபிள்காரரும் இதே குற்றவாளிதான். கடினமான வழியைத் தேர்ந்தவர் அதன் நஷ்டத்தையும் தாமே ஏற்கவேண்டும். நாளெல்லாம் பதுங்கிப் போய், "இந்தக் குறி நிச்சயமில்லை" என்று ஆயுதத்தைத் தாழ்த்தி, வெறுங்கையோடு வீடு திரும்புகிறாரே, அவரே உண்மையான வேட்டைக்காரர். மற்றவர் பிறர் முதலில் சூதாடுகிறவர். வியாபாரிகளாகிய நாம் இந்தக் கணக்கை அறியாதவர்களா?