மீண்டும் மாணவர்

சிதம்பரத்தில் பிறந்து, பரோடாவில் பௌதிகம் பயின்று, 1976-இல் அமெரிக்காவின் ஓஹையோ பல்கலைக்கழகத்தில் அதே சாஸ்திரத்தில் டாக்டர் பட்டமும் பெற்றுவிட்ட வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், இனித் தம் நாட்டமெல்லாம் உயிரியலில்தான் என்று நிச்சயித்தவுடன் செய்த முதற்காரியம், கலிபோர்னியாவின் ஸான் டியாகோவில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்து, அத்துறையை அரிச்சுவடியிலிருந்து கற்கத் தொடங்கியதேயாகும். பார்ப்பவர்க்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியிருக்கக் கூடிய அந்த இரண்டு வருஷப் படிப்பு, இன்னொரு பட்டத்தை அவருக்கு அளிக்கவில்லையாயினும், உயிரணுக்களில் புரதத்தை உருவாக்கும் ரைபோசோமிடம் அவரைக் கொண்டு சேர்க்கும் பாதையைத் திறந்தது. எக்ஸ் கதிர்களால் அதன் அமைப்பை அணு அணுவாகத் துலக்கியமைக்காக, 2009-இல் ரசாயனத்துக்குரிய நோபல் பரிசை மற்றிருவரோடு அவர் பகிர்ந்துகொண்டார். பௌதிகத்தில் தொடங்கி, உயிரியலுக்குத் தாவி, ரசாயனத்தில் பரிசு பெற்ற விசித்திரம் இது! கல்லூரியை முடித்தபின், மேற்படிப்புக்கு வேறு துறையை நாடி, அதன் பூர்வாங்கப் பாடங்களுக்காக மாலை வகுப்பில் சின்னஞ்சிறுவர்களோடு அமரக் கூசும் பட்டதாரிகள் ஒன்றை உணர்தல் நலம்: தெரியாததைத் தெரியாதென்று ஒப்புக்கொண்டு கற்க முன்வருபவனுக்கு, முன்பு கற்றதும் ஒரு சமயத்தில் சகாயமாகும், கூச்சத்தால் ஒதுங்கி நிற்பவனுக்கோ இரண்டுமே எட்டாமற் போகும்.