தப்பி ஓடிய பாம்பும் தர்மகர்த்தாவின் அன்பும்

ஓம் சரவணபவ. வேலும் மயிலும் துணை.



போன மாசம் ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. டி. கல்லுப்பட்டியைச் சேர்ந்த தம்பி ஒருவர். வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை, லீவுக்கு ஊருக்கு வந்திருந்தார். "அண்ணே, பாம்பு கிடைச்சிருச்சுண்ணே. ஆனா சோர்ந்துபோய்க் கெடக்கு. இது பிழைச்சா திருப்பரங்குன்றத்துக்கு என்ன நேர்ந்துக்கட்டும்?"

பாம்புக்கு நேர்த்திக்கடனா என்று சிரிக்காதீங்க. அவர் ஒரு பால் பைத்தான் வளர்க்கிறார். பேரில் இருக்கிற 'பால்' குடிக்கிற பால் இல்லை, பந்து. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, விஷம் கிடையாது. ஊருக்கு எடுத்துட்டு வந்த அன்னைக்கு ராத்திரி பெட்டி மூடியின் கிளிப்பைப் போட மறந்துட்டார். காலையில் பெட்டி காலி. ஒன்பது நாள் தேடல். அவங்க அப்பத்தா அத்தனை நாளும் திண்ணையில்தான் படுத்தாங்க. கடைசியில் பின்கட்டில், பருத்தி மூட்டைகளுக்குப் பின்னால் கிடைத்தது.

நேர்த்திக்கடனைவிட, அடுத்து அவர் கேட்ட ஒரு கேள்விதான் என்னைத் தூங்கவிடலை. "அண்ணே, நான் அதுமேல அவ்வளவு பாசம் வச்சிருந்தேன். அது ஏன்ணே ஓடிச்சு?"

இந்தக் கேள்வியை நாம எல்லாருமே என்னைக்காவது யாரைப் பத்தியாவது கேட்டிருப்போம். அதனால்தான் இதை எழுதுறேன்.

முதலில் உண்மையைச் சொல்லிடுறேன். பாம்பு நம்மை வெறுத்து ஓடுவதில்லை. நம்மை நேசித்து இருப்பதும் இல்லை. அதுக்கு வேண்டியது இதமான சூடு, இருட்டு, ஒடுங்க ஒரு இடுக்கு, தண்ணீர், பசித்தால் இரை. இடைவெளி தெரிந்தால் போகும். 'நான் இவ்வளவு செஞ்சேனே' என்ற கணக்கு நம்ம பக்கம் மட்டும்தான் இருக்கு.

இப்போ அது திரும்பக் கிடைத்தாச்சு. என்ன செய்யணும்? தம்பிக்கு முதலில் தோன்றியது, எடுத்து மடியில் வச்சுத் தடவிக் கொடுக்கணும் என்று. செய்யவே கூடாதது அதுதான். காயம், வீக்கம், உண்ணி இருக்கா என்று ஒரு தடவை மெதுவாகப் பார்க்கணும். எலிக்கு வைக்கும் பசை அட்டையில் ஒட்டியிருந்தால் பிய்த்து இழுக்காமல், சமையல் எண்ணெய் தடவி இளக்கணும். தோல் சுருங்கி, கண் குழிந்திருந்தால் உடம்பில் நீர் குறைந்திருக்கு. சுத்தமான தண்ணீர் எப்பவும் பக்கத்தில் இருக்கணும். பெட்டியில் ஒரு பக்கம் சுமார் 31, 32 டிகிரி, இன்னொரு பக்கம் 26 டிகிரி, இரண்டு பக்கமும் ஒளிய இடம். நம்ம கரிசக்காட்டு வெயிலில் குளிரைவிடச் சூடுதான் ஆபத்து, அதனால் தெர்மாமீட்டர் பார்க்காமல் விளக்குப் போடக்கூடாது. வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ, காயம் ஆழமாக இருந்தாலோ, பாம்பு பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் உடனே போகணும்.

இதெல்லாம் செய்த பிறகு ஒரு வாரம் தொடக்கூடாது. போட்டோ எடுக்கக்கூடாது. நண்பர்களுக்குக் காட்டக்கூடாது. பசிக்குமே என்று உடனே இரை திணிக்கவும் கூடாது. ஒரு வாரம் அடங்கின பிறகு, வழக்கத்தைவிடச் சின்ன இரையாகக் கொடுத்துப் பார்க்கணும். நல்ல உடம்போட இருக்கிற பால் பைத்தான் மாசக்கணக்கில்கூடச் சாப்பிடாமல் இருக்கும்.

கவனிச்சீங்களா? பாம்பு தேறுவதற்குத் தேவையானதில் பாதி, நாம ஆசைப்படுறதைச் செய்யாமல் இருப்பதுதான். தடவுறது நமக்குச் சுகம். விலகி இருக்கிறது அதுக்குச் சுகம்.

அப்பத்தா ஒரு கிண்ணத்தில் பால் கொண்டுவந்து வச்சாங்களாம். திண்ணையில் படுத்தவங்களேதான்! பயத்தையும் மீறின கருணை அது, அதைக் கேலி பண்ண எனக்கு மனசு வராது. ஆனால் பாம்புக்குப் பால் உணவே இல்லை. அதன் வயிறு பாலைச் செரிக்காது. தாகத்தில் கிடக்கிற பாம்பு எந்தத் திரவத்தையும் குடிக்கும், அதைப் பார்த்துத்தான் 'பால் குடிக்குது' என்கிறோம். புற்றில் பால் ஊற்றுகிற நம்ம பக்திக்கும் இது பொருந்தும். கும்பிடுங்க, விளக்கு வைங்க. உயிரோடு இருக்கிற பாம்புக்குத் தண்ணீர் போதும். அன்பு உண்மையாக இருந்தாலும், அறியாமல் செய்தால் அது எதிராளிக்குத் துன்பம்தான்.

அடுத்து தம்பி கேட்டார்: "பேசாம தேவன்குறிச்சி மலைப்பக்கம் விட்டுடவாண்ணே? சுதந்திரமா இருக்கட்டும்." கேட்க நல்லா இருக்கு. ஆனால் அந்தப் பாம்புக்கு இது சொந்த ஊர் இல்லை. இங்க பசியில் சாகலாம், கல்லடியில் சாகலாம். பிழைத்தால் நம்ம ஊர் உயிர்களுக்குப் புது நோயைக் கொடுக்கலாம். கொண்டுவந்தது நாம. விடுதலை என்று பேர் வைத்துப் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது.

அப்போ பிடித்து வைப்பதும் தப்பு, விடுவதும் தப்பு என்றால் வழி என்ன? பதில் டி. கல்லுப்பட்டியிலேயே இருக்கு. காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா தன் கடைசிக் காலத்தை அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் கழித்தார். 1960 ஜனவரி 30-ல், காந்தியின் நினைவு நாளிலேயே மறைந்தார். வாழும் முறைகளை அவர் இயற்கையைப் பார்த்தே வகை பிரித்தார். ஒட்டுண்ணியாக, கொன்று தின்னும் மிருகமாக வாழ்வது கீழ்நிலை. குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை மாதிரி, பதிலுக்கு எதுவும் கேட்காமல் செய்வது மேல்நிலை. சொத்து வைத்திருப்பவர் தர்மகர்த்தாவாக இருக்கணும் என்றார் காந்தி. தர்மகர்த்தா யார் என்று நமக்குத் தெரியும். கோயில் அவர் பொறுப்பு, ஆனால் அவர் சொத்து இல்லை. சாவி இடுப்பில் இருக்கும். சாமி அவருடையது ஆகிவிடாது.

ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டு வீடா நகரில் மலைப்பாம்புக் கோயில் ஒன்று இருக்கு. தம்பி வளர்க்கிற அதே இனப் பாம்புகள்தான் அங்கே தெய்வம். அவை சில சமயம் வெளியே உலாவப் போகும். யார் வீட்டுக்குள் வந்தாலும் அடிக்காமல், விருந்தாளி மாதிரி நடத்தி, கோயிலில் கொண்டுபோய் விடுவார்கள். 'என்னை விட்டு ஓடிச்சே' என்ற கோபம் அங்கே இல்லை, ஏன்னா 'என்னுது' என்ற நினைப்பே இல்லை.

நம்ம முருகன் படத்தைப் பாருங்க. மயில் பாம்பைத் தின்கிற பறவை. ஆனால் அவன் காலடியில் அந்தப் பாம்பு படம் எடுத்தபடி உயிரோடு இருக்கு. சூரனையே அழிக்காமல் மயிலாகவும் சேவலாகவும் ஆக்கிக் கூடவே வைத்துக்கொண்டவன் அவன். பிடி இருக்கு, பகை இல்லை. அந்தப் பிடியைத்தான் நாம கற்றுக்கணும்.

இதைப் படிச்சிட்டு 'நானும் ஒண்ணு வாங்கலாமே' என்று நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வேண்டாம். நல்லபாம்பு, சாரை, மலைப்பாம்பு மாதிரி நம்ம ஊர்ப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுக்குள் வந்தால் வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்க, அடிக்காதீங்க. பால் பைத்தான் மாதிரி வெளிநாட்டு உயிர்களை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் 2024 விதிகளின்படி பரிவேஷ் 2.0 தளத்தில் பதிவு செய்யணும். சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளில் இதே பாம்புக் குட்டிகளைச் சுங்கத்துறை பலமுறை பிடித்திருக்கு. நாம ஆசைப்பட்டு வாங்குறதால்தான் அந்தப் பெட்டிகள் வருது. இது இருபது, முப்பது வருஷம் வாழும் உயிர். லைக் வாங்குகிற பொருள் இல்லை.

தம்பியின் பாம்பு பன்னிரண்டாம் நாள் இரை எடுத்தது. இப்போ பெட்டிக்கு இரண்டு பூட்டு. நேர்த்திக்கடன் என்ன என்று கேட்டேன். "இன்னொண்ணு வாங்க மாட்டேண்ணே. இது இருக்கிற வரைக்கும் ஒழுங்காப் பார்த்துக்கிறேன். சாமிகிட்ட அதான் சொன்னேன்" என்றார்.

காவடியைவிடக் கனமான நேர்த்திக்கடன் அது. முப்பது வருஷம் சுமக்கணும்.

நம்ம கையில் இருக்கிற ஒவ்வொரு உயிரும், குழந்தையோ, மாடோ, பாம்போ, அவன் கொடுத்த சாவிதான். உங்க வீட்டில் அப்படி எது இருக்கு? இன்னைக்கு விளக்கு ஏத்தும்போது அதுக்காகவும் ஒரு நிமிஷம் கும்பிடுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!