பருந்தும் பழியும்

ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கரையில், பொழுது புலர்ந்து படகுகள் திரும்பும் வேளையில் சற்றே நின்று பார்ப்பது என் நெடுநாளைய வழக்கம். வடக்கே அடையாற்றின் முகத்துவாரம். அருகே, 1882-இல் ஒல்காட் அடையாற்றில் நிலைகொள்ளச் செய்த பிரம்மஞான சபையின் மரச்செறிவு. வலையிலிருந்து மீனைப் பிரிக்கும் மகளிரின் தலைக்கு மேலே கரும்பருந்துகள் வட்டமிடும். கழித்தெறிந்த மீனைக் காலால் கவ்வி, பறந்தவாறே குனிந்து தின்னும். வெண்தலைச் செம்பருந்து நீரின் மேற்பரப்பைத் தொட்டு இரையுடன் எழும்.

ஒருநாள் அருகில் நின்ற அன்பர் ஒருவர், "எவ்வளவு கொடிய பறவை!" என்று முகம் சுளித்தார். அவர் கைப்பையில் வஞ்சிர மீன் நிறைந்திருந்தது.

கொடுமை என்பது யாது? அறபு மொழியறிஞர்கள் 'ளுல்ம்' என்னும் சொல்லுக்கு, ஒரு பொருளை அதற்கு உரியதல்லாத இடத்தில் வைத்தல் என்று இலக்கணம் கூறுவர். பருந்து எதனை இடம் மாற்றி வைத்தது? தன்னது, பிறரது என்னும் பேதம் அதற்கு இல்லை. பசித்தால் எடுக்கிறது, குஞ்சுக்கு ஊட்டுகிறது. கரும்பருந்துக்குக் 'கள்ளப் பருந்து' என்று பெயரிட்டவர்கள் மனிதர்களே.

இஹ்ராம் நிலையிலும் கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்து உயிர்களுள் பருந்தும் ஒன்று என ஹதீஸில் வந்துள்ளதே என்று கேட்கலாம். உண்மை. ஆயினும் அவ்வனுமதி தீங்கைத் தடுப்பதற்கானது. தீங்கு வேறு, குற்றம் வேறு. கேள்விகணக்கு விதிக்கப்பட்டவன் மனிதன்.

ஸஹீஹுல் புகாரியில் அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஒரு கூட்டத்தாரின் சிறுமி அணிந்திருந்த செந்தோல் கச்சையை, இறைச்சி என எண்ணிப் பருந்து தூக்கிச் சென்றது. தேடியும் கிடைக்கவில்லை. அவர்களோடு வாழ்ந்த, விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்மீது பழி விழுந்தது. மானம் குலையும்படி அவளைச் சோதித்தனர். அவள் நின்றுகொண்டிருக்கும்போதே பருந்து திரும்பி வந்து கச்சையை அவர்கள் நடுவே போட்டது. பின்னர் அவள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து இஸ்லாத்தை ஏற்றாள். பள்ளிவாசலில் அவளுக்கொரு சிறு கூடாரம் இருந்தது.

பருந்து செய்தது பிழை. அநீதி செய்தவர்கள் மனிதர்கள். பழியை உரியதல்லாத இடத்தில் வைத்தவர்கள் அவர்களே.

இந்த ஹதீஸைப் பல்லாண்டுகள் மாணவர்க்கு ஓதிக்கொடுத்தவன் நான். ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன், என் வீட்டுத் திண்ணையில் வைத்த மீன் பை காணாமற்போனபோது, அதைக் கொண்டுவந்த குப்பத்துச் சிறுவனைத்தான் முதலில் கூப்பிட்டு விசாரித்தேன். அவன் வாய்பேசாமல் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினான். மறுநாள் காலை, எதிர்வீட்டுத் தென்னை மட்டையில் அந்தப் பை கிழிந்து தொங்கிற்று, பக்கத்தில் பருந்து.

அவன் வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல பாய்" என்றான்.

இன்றும் அவன்தான் மீன் கொண்டுவருகிறான், வளர்ந்த இளைஞனாக. ஆனால் பையைத் தந்தவுடன் போவதில்லை. நான் திறந்து எண்ணி முடிக்கும்வரை படியடியில் நிற்கிறான். "எண்ண வேண்டாம், தம்பி, நீ போ" என்கிறேன்; அவன் நகர்வதில்லை. பருந்து அன்றே பசியாறிப் பறந்துவிட்டது. நான் வைத்த பழியோ, இன்னும் என் வாசற்படியில் நின்றுகொண்டிருக்கிறது.