இனாமா, சுதந்திரமா?

எனக்குக் கணக்கு நன்றாக வரும் என்று நெடுநாளாக ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வம் போன வருஷம் நடுக்கடலில் போயிற்று. போன சங்கதிகூட எனக்கு அப்போது தெரியவில்லை. ஊருக்குத் திரும்பி, எங்கள் வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கும் என் மகன், "அப்பா, அம்மாவையும் கூட்டிக்கொண்டு நாலு நாள் கப்பலில் போய்விட்டு வாருங்கள்" என்று சீட்டு எடுத்துக் கொடுத்துவிட்டான். எங்கள் தாத்தாவும் கப்பல் ஏறியவர்தான். நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலில் ஏறிப் பினாங்குக்குப் போனார். சொந்தப் பாயை விரித்து, ஆயிரம் பேரோடு ஆயிரத்தோராவது ஆளாய்த் தளத்திலே படுத்துக்கொண்டு போன பிரயாணம் அது. அவருக்கு அங்கே ஊழியம் செய்ய யாரும் இல்லை. ஊழியம் செய்யத்தான் அவரே போய்க்கொண்டிருந்தார்.

பேரன் போன கப்பலோ மிதக்கிற மாளிகை. காலையில் நாங்கள் சாப்பிடப் போய்விட்டுத் திரும்புவதற்குள் படுக்கை சுருக்கமில்லாமல் விரித்திருக்கும். மாலையில் வந்து பார்த்தால் துவாலையை மடித்து யானையாகவோ குரங்காகவோ செய்து கட்டிலின்மேல் உட்கார வைத்திருக்கும். இதையெல்லாம் செய்தவன் இந்தோனேசிய தேசத்துப் பையன் ஒருவன். வயது இருபத்தைந்து இருக்கலாம். என் மனைவிக்கு முழங்கால் வலி என்று இரண்டாம் நாள் எப்படியோ தெரிந்துகொண்டு, கேட்காமலே இன்னொரு தலையணை கொண்டுவந்து வைத்தான்.

மூன்றாம் நாள் கணக்குச் சீட்டு வந்தது. அதில் ஊழியர் வெகுமதி என்று தலைக்கு, நாளொன்றுக்கு 17 டாலர் போட்டிருந்தது. இரண்டு பேருக்கு நான்கு நாள் என்றால் 136 டாலர். நம் பணத்தில் 11,000 ரூபாய்க்கு மேல். எனக்குத் திக்கென்றது. வெகுமதி என்பது நான் மனமுவந்து கொடுப்பதல்லவா? அதை அவனே எழுதிக்கொண்டால் அதற்குப் பெயர் வரி அல்லவா? விசாரித்ததில், விருப்பமில்லாதவர்கள் எடுத்துவிடச் சொல்லலாம் என்றார்கள். உடனே கீழே போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் ஒரு கேள்வியும் கேட்காமல் புன்னகையோடு எடுத்துவிட்டாள்.

அன்று இரவு அந்தப் பையனைக் கூப்பிட்டு, 20 டாலர் நோட்டு ஒன்றைக் கையிலே வைத்து அழுத்தினேன். அவன் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தான். எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. கம்பெனியையும் ஏமாற வைத்தாயிற்று, உழைத்தவனுக்கும் கொடுத்தாயிற்று. கணக்கில் புலி என்று என்னை நானே தட்டிக் கொடுத்துக்கொண்டேன்.

தை மாதம் என் தங்கை மகன் விடுமுறையில் ஊருக்கு வந்தான். எட்டு மாதம் கப்பலில், இரண்டு மாதம் எப்போதும்வென்றானில் என்று ஐந்தாறு வருஷமாக அவன் ஜீவனம் நடக்கிறது. வேறொரு கம்பெனியின் உல்லாசக் கப்பலில் அறைப் பணியாளாக இருக்கிறான். மழை ஏய்த்த வருஷத்தில் கரிசல் காட்டை நம்பிப் பயனில்லை என்று கிளம்பியவன். ஒரே தொழில் சம்பந்தமாயிற்றே என்று, என் சாமர்த்தியத்தை அவனிடம் விஸ்தாரமாகச் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே கேட்டான். சிரிப்பு பாதியில் நின்றது.

"மாமா, நீங்க எடுத்தது கம்பெனி பணம் இல்லை. எங்க பணம்" என்றான்.

"அதெப்படி மாப்ளே? அவன் கையில்தான் 20 டாலர் கொடுத்தேனே!"

"அவன் கையில கொடுத்தீங்க. அந்தக் கணக்குல எழுதற பணம் அவன் ஒருத்தனுக்கு மட்டுமில்லை. சாப்பாடு பரிமாறுறவனுக்கும் போகும், கீழ்த்தட்டில பாத்திரம் கழுவுறவனுக்கும் போகும், துணி வெளுக்கிறவனுக்கும் போகும். அவங்க முகத்தை நீங்க பார்த்திருக்கவே மாட்டீங்க. சில கம்பெனியில, இப்படிக் கணக்கை வெட்டினவங்க கையில கொடுத்த பணத்தையும் பொதுவில போட்டுடணும்னு விதி வெச்சிருக்கான்."

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தரையைப் பார்த்தபடி சொன்னான்: "என் முதல் ஒப்பந்தம் பாத்திரம் கழுவுற இடத்திலதான், மாமா. எட்டு மாசம். அங்கே ஜன்னல் கிடையாது. பகலா ராத்திரியான்னு கடிகாரத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். ஒவ்வொரு தடவை கப்பல் கரையைத் தொடுறப்பவும் நாங்க ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிடுவோம்: இந்தப் பயணத்தில எத்தனை பேர் வெட்டினாங்கன்னு."

வெட்டினவர்களில் ஒருவன் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவன் வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

வாசகர்கள் என் சார்பில் ஒரு நியாயம் சொல்லலாம். வேலைக்குக் கூலி கொடுக்க வேண்டியது வேலை வாங்குகிற முதலாளி. அந்தப் பாரத்தைப் பிரயாணியின் தலையில் கட்டுவது என்ன தர்மம்? கேள்வி நியாயமானதுதான். அமெரிக்காவில் இந்தப் பழக்கம் வேரூன்றிய கதையைப் பார்த்தாலே அது விளங்கும். உள்நாட்டு யுத்தத்துக்குப் பின், 1867-இல் தொடங்கிய புல்மன் கம்பெனி, ரயிலின் படுக்கை வண்டிகளில் விடுதலை பெற்ற கறுப்பு மக்களைப் பணியாட்களாக அமர்த்திக்கொண்டது. சம்பளம் சொற்பம். மீதியைப் பிரயாணிகளின் கை பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டியது. பிரயாணிகள் அவர்கள் எல்லோரையும் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். ஜார்ஜ் என்பது முதலாளி புல்மனுடைய பெயர். ஆளுக்குச் சொந்தப் பெயர்கூட மிஞ்சவில்லை. 1925-இல் அவர்கள் சங்கம் கண்டார்கள். கம்பெனி அதனோடு ஒப்பந்தம் செய்துகொள்ள 1937 வரை ஆயிற்று. அந்தத் தேசத்தின் மத்தியச் சட்டப்படி டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி கொடுக்கவேண்டிய குறைந்தபட்ச மணிக்கூலி 1991-இலிருந்து 2 டாலர் 13 காசிலேயே நிற்கிறது. டிப்ஸையும் சேர்த்துப் பொதுவான குறைந்தபட்சக் கூலி தேறாவிட்டால் மட்டும் குறையை முதலாளி ஈடுகட்ட வேண்டும்.

நம் நாட்டிலும் ஹோட்டல் பில்லில் சேவைக் கட்டணத்தைத் தாமாகச் சேர்க்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதி செய்தது. டில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அது செல்லும் என்று தீர்ப்புக் கூறிற்று. சாப்பிடுகிறவனுக்கு நியாயம் கிடைத்தது, நல்லதுதான். ஆனால் இலை எடுக்கிறவனுடைய சம்பளத்தைப் பற்றி அந்த விதியிலே ஒரு வரியும் இல்லை.

நான் செய்ததும் இதேதான். கம்பெனியோடு எனக்கு வழக்கு. அந்த வழக்கிலே தோற்றது கம்பெனியா? ஜன்னல் இல்லாத அறையில் நின்றவன் தோற்றான்.

அன்று இரவு எனக்கு எங்கள் களத்துமேடு ஞாபகத்துக்கு வந்தது. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த கம்பும் சோளமும் தை, மாசியில் களத்துக்கு வரும். தூற்றி முடித்து, பொலியைக் குவித்து, அப்பா மரக்காலை எடுப்பார். முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார், 'லாபம்' என்பார். வீட்டுக்கு ஒரு மணி போவதற்கு முன்னால், களத்து ஓரத்தில் நார்ப்பெட்டியோடு காத்திருப்பவர்களுக்கு அளந்தாக வேண்டும். கலப்பை செய்த ஆசாரி, கொழு அடித்த கொல்லர், துணி வெளுத்தவர், சவரம் செய்தவர், காவல் காத்தவர் என்று வரிசை. வருஷமெல்லாம் அவர்கள் செய்த வேலைக்கு அன்றைக்குத்தான் கூலி.

அந்தத் தானியத்துக்கு எங்கள் பக்கத்தில் என்ன பெயர் தெரியுமா? சுதந்திரம்! விடுதலை என்ற அர்த்தத்தில் நாம் ஆகஸ்டு மாதம் கொடியேற்றிச் சொல்கிறோமே, அதே சொல்தான். அகராதியைப் புரட்டினால் இரண்டு அர்த்தமும் அடுத்தடுத்து நிற்கும். வெள்ளைக்காரன் காலத்து வருவாய்க் கணக்குகளிலும் கிராம ஊழியர்களின் பங்குக்கு இதே பெயர்தான். 'இனாம்' என்றால் கொடுக்கிறவனுடைய தயவு. 'சுதந்திரம்' என்றால் வாங்குகிறவனுடைய பாத்தியதை. ஒருநாள் அப்பா வேறு யோசனையில் ஒரு மரக்கால் குறைத்து அளந்துவிட்டார். துணி வெளுக்கும் பெரியவர் பெட்டியை எடுக்காமல் அப்படியே நின்றார். "என் சுதந்திரம் இன்னும் ஒரு மரக்கால் இருக்குங்க, மொதலாளி" என்றார். கெஞ்சுகிற குரல் இல்லை. அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு அளந்து போட்டார்.

இதைச் சொல்லிவிட்டு, 'ஆகா, பழைய காலம் எவ்வளவு உயர்ந்தது' என்று கண்ணீர் வடிக்க நான் தயாராயில்லை. அந்தப் பெரியவர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் களத்திலே நின்றார். ஐம்பது வயசுக்காரரை ஆறு வயசு நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் என்னை 'சின்ன மொதலாளி' என்றார். இன்ன சாதியில் பிறந்தவன் இன்ன வேலைதான் செய்ய வேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டில் சேர்த்தி. மழை பொய்த்து வெள்ளாமை போனால் அவருடைய சுதந்திரமும் போயிற்று. வேலை மட்டும் போகவில்லை. பெயரில் இருந்த சுதந்திரம் வாழ்க்கையில் இல்லை. அந்தக் களம் அழிந்ததில் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனாலும், தயவு வேறு, பாத்தியதை வேறு என்ற விவேகம் அந்தச் சொல்லுக்குள் இருந்தது. கப்பலில் அது எனக்கு இல்லாமற் போயிற்று.

இத்தனைக்கும் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்தான் ஒட்டப்பிடாரம். அங்கே பிறந்த வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டதை எல்லோரும் பேசுகிறோம். 1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளிகளின் வேலைநிறுத்தத்துக்கு முன்னால் நின்று, கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைக்கச் செய்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. கப்பல் விட்ட மனிதருக்குக் கூலி என்பது பிச்சையல்ல என்று தெரிந்திருந்தது. கப்பலில் போன எனக்குத் தெரியவில்லை.

வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரம் வைத்தார். ஒப்புரவறிதலுக்கு வேறோர் அதிகாரம் வைத்தார். டிப்ஸ் என்கிற இந்தச் சில்லறை எந்த அதிகாரத்தில் சேரும்? நான் 20 டாலரை அழுத்தியபோது அதை ஈகையில் சேர்த்தேன். அதனால்தான் அவன் குனிந்தது எனக்கு இனித்தது. இன்னொருவன் முதுகு வளைவதைப் பார்த்து நம் உள்ளம் குளிர்ந்தால், அங்கே நாம் கொடுத்தது பணமல்ல. வாங்கியது ஒரு கும்பிடு. 20 டாலருக்கு அது மலிவு.

அந்தப் பணம் சேர வேண்டிய இடம் ஒப்புரவு. இன்ன ஏற்பாட்டில் நான் சுகம் அனுபவிக்கிறேன். அந்த ஏற்பாடு இவர்களுடைய கூலியில் ஒரு பகுதியை என் கையில் வைத்திருக்கிறது. ஆகவே அது என் கையில் இருக்கும் அவர்கள் பணம். ஏற்பாடு தப்பு என்றால் ஏற்பாட்டை மாற்றப் பேசுவோம், எழுதுவோம். அது மாறும் வரையில் கடனைக் கொடுத்துவிட்டுத்தான் வாதாட வேண்டும். முகம் தெரிந்தவனுக்கு மட்டும் கொடுத்து, முகம் தெரியாதவனை மறப்பது தர்மமும் ஆகாது, கணக்கும் ஆகாது.

அப்படியானால் நன்றிக்கு எதைக் கொடுப்பது? முழங்கால் வலிக்குக் கேட்காமலே வந்த தலையணைக்கு 17 டாலரில் எங்கே பத்து எழுதுவது? ஜப்பானில் டிப்ஸ் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. அங்கே உபசாரம் குறைந்தா போயிற்று? நன்றி என்பது காசுக்கு முன்னாலும் இருந்தது; காசு எட்டாத இடத்திலும் இருக்கிறது.

மருமகனிடமே கேட்டேன்: "உனக்கு எது சந்தோஷம், மாப்ளே? உள்ளதைச் சொல்லு."

"பணம் சந்தோஷந்தான் மாமா, வேண்டாம்னா பொய். ஆனா கடைசி நாள் ஒரு சீட்டு கொடுப்பாங்க, கருத்து எழுதச் சொல்லி. அதில என் பேரை எழுதி, இன்னது செஞ்சான்னு ஒரு வரி எழுதினா, மேலதிகாரி பார்ப்பார். அடுத்த ஒப்பந்தத்துக்கு உதவும். பேரைத் தப்பில்லாம எழுதணும், அவ்வளவுதான்."

எனக்கு மூச்சு நின்றுபோயிற்று. என் அறையைப் பார்த்துக்கொண்ட பையனுடைய சட்டையில் பெயர் குத்தியிருந்தது. நான்கு நாள் எட்டுத் தடவை எதிரே நின்றான். நான் அவனைத் 'தம்பி' என்றே நினைத்துக்கொண்டேன். சீட்டும் வந்தது. சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். புல்மன் வண்டியிலே ஏறி 'ஜார்ஜ்' என்று கூப்பிட்டவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

அந்த 136 டாலரை இப்போது யாருக்கு அனுப்புவேன்? பெயர் தெரியாது, கப்பலின் அடித்தட்டுக்கு விலாசம் கிடையாது. ஆகையால் இதை உங்களிடம் எழுதுகிறேன். கடன் தீராது, கணக்காவது பகிரங்கமாகட்டும்.

மாசி பிறந்ததும் மருமகன் புறப்பட்டான். தூத்துக்குடி பஸ்ஸுக்காக நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றோம். அவன் பையை நான் தூக்கிக்கொண்டேன். அவன் எவ்வளவோ தடுத்தும் விடவில்லை. பஸ் தலை தெரிந்ததும் வழிச்செலவுக்கு என்று இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டை அவன் சட்டைப் பையிலே வைத்தேன். காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தவன் கண்ணிலே ஒரு குறும்பு.

"இது எந்தக் கணக்கு, மாமா? இனாமா, சுதந்திரமா?"

"உன் சுதந்திரம், மாப்ளே. தாய்மாமன் கொடுக்க வேண்டியது" என்றேன்.

இந்தத் தடவை குனிந்தவனைப் பார்த்து எனக்குக் கர்வம் வரவில்லை. பஸ் மறைந்த பிறகுதான் உறைத்தது. கப்பலில் அவன் சட்டையில் குத்தியிருக்கும் பெயரை, அவன் போகிற இடத்தில் யாராவது ஒருவர் படிக்க வேண்டுமே என்று.