மடிப்புக்குள் இருக்கும் உடல்

1868இல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன், இளைஞர் ரவிவர்மாவுக்குப் பாடம் நடத்தவில்லை. தான் வரைவதைப் பார்க்க மட்டும் விட்டார். ஆகவே தைலவண்ணத்துக்கு ஆசான் வேண்டாம் என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. தைலவண்ணம் மெல்லக் காயும். ஈரம் போவதற்குள் மடிப்பின் வெளிச்சத்தை நிழலோடு இழைக்க வேண்டும். தூரிகையை எப்போது நிறுத்துவது என்பதை முடிந்த படம் காட்டாது, வரைகிற கைதான் காட்டும். அவர் பார்த்தது அந்தக் கையை. அதுவும் கற்பித்தல்தானே?

ஐரோப்பிய முறை நம் உடைக்கு ஒத்துவராது என்பதும் சரியல்ல. 1873இல் சென்னையில் ரவிவர்மாவுக்குப் பரிசு வாங்கித் தந்தது, கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் படம். பட்டோ பருத்தியோ, தோளும் இடுப்பும் முழங்காலும் தாங்கும் இடத்திலிருந்தே மடிப்பு விழுகிறது. உடலை வரையப் பழகாதவர் கொசுவத்துக்கு எத்தனை கோடு போட்டாலும், சேலை கொடியில் காய்வதுபோலத்தான் தொங்கும்.